இருநூற்றுப் பதினான்காம் பக்கம்

வேலையை விட்டுத் துரத்தப்பட்டவர்கள் முதல் தடவை வந்து உட்கார்ந்தால் வக்கீலம்மா பேனாவைத் தொடமாட்டார். "நீங்க பேசுங்க, நான் கேட்டுக்கிறேன். எழுதறதெல்லாம் அப்புறம்" என்பார். வந்தவர் மேலதிகாரியைத் திட்டி, மேலதிகாரியின் மேலதிகாரியையும் திட்டி, மூக்கைச் சிந்தி, குடும்பக் கதையில் பாதியைக் கொட்டிவிட்டு ஒருவழியாக விஷயத்துக்கு வருவார். அவர் கிளம்பிப் போனதும் வக்கீலம்மா கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் எழுதி வைப்பார். அதற்கென்றே மஞ்சள் தாள் கட்டுக்கட்டாக வாங்கி வைத்திருந்தார்.

மஞ்சள் என்றால் அவருடைய சொந்தக் குறிப்பு. கட்சிக்காரர் எங்கே சொதப்புவார், எந்தச் சாட்சி பயந்தாங்கொள்ளி, யார் பெயரை வெளியே விடக் கூடாது, எல்லாம் அதில்தான் இருக்கும். வழக்குக் காகிதங்கள் வெள்ளை. வெள்ளை எங்கே வேண்டுமானாலும் போகலாம், மஞ்சள் மட்டும் வாசலைத் தாண்டக் கூடாது. அந்த அலுவலகத்தின் சட்டம் அவ்வளவுதான். முப்பத்தொரு வருடங்களில் ஒரு மஞ்சள் தாள்கூட வாசலைத் தாண்டியதில்லை என்று அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருக்கட்டுமே, வேறு எதற்குத்தான் அந்த மனுஷி கர்வப்பட்டார்?

முப்பத்தொரு வருடமும் ஊழியர் பக்கம்தான். கம்பெனிக்காரர்கள் கூப்பிட்டுப் பார்த்து அலுத்துப்போனார்கள். அதற்காக அவர் வருத்தப்பட்டதில்லை, நன்றியோடுதான் இருந்தார். பஸ்ஸில் ஏறினால் ஒரு கண்டக்டர், இவர் மீட்டுக் கொடுத்த வேலையில் இருப்பவர், உட்கார்ந்திருக்கிறவரை எழுப்பியாவது இடம் போட்டுக் கொடுப்பார். "ஐயோ, எழுப்பாதீங்க" என்று வக்கீலம்மா கூச்சத்தில் நெளிவார். கண் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் இவரைப் பார்த்ததும் வரிசையை மறந்துவிட்டு ஓடி வருவாள். ஊரில் பாதிப் பேருக்கு இவர் அக்கா, மீதிப் பேருக்கு அம்மா. கொடுத்து வைத்தவர் என்று அவரே தன்னைச் சொல்லிக்கொள்வார்.

அந்த வருடம் கையில் இருந்தது புகை எச்சரிக்கைக் கருவி செய்யும் கம்பெனிக்கு எதிரான வழக்கு. வீட்டில் தீப்பிடித்தால் கூரையிலிருந்து கத்துமே, அந்த வட்டப் பெட்டி. கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்த ஒருவரை எல்லோரும் மூக்கர் என்றே கூப்பிடுவார்கள். கருவி கத்துவதற்கு முன்னாலேயே அவர் மூக்கு புகையைப் பிடித்துவிடுமாம். புது மாதிரியில் பத்துக்கு மூன்று கருவிகள் கத்தவே இல்லை என்று மூக்கர் அறிக்கை எழுதினார். மேலே போன அறிக்கை, எல்லாம் பிரமாதம் என்று மாறி வந்தது. கையெழுத்துப் போடு என்றார்கள். போட மாட்டேன் என்றார். மறுவாரம் வேலை போயிற்று.

அதோடு போகவில்லை. சம்பளத்தில் ஒரு பகுதியைக் கம்பெனிப் பங்குகளாகத்தான் ஊழியர்களுக்குக் கொடுத்து வந்தார்கள், மூன்று வருடத்துக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. கருவி கத்தாது என்பது தெரிந்த நிர்வாக இயக்குநர் தன் பங்குகளை நல்ல விலைக்குச் சத்தமில்லாமல் விற்றுவிட்டார். விஷயம் வெளியே கசிந்து விலை விழுந்தபோது மாட்டிக்கொண்டது விற்க முடியாமல் கட்டிப்போடப்பட்ட ஊழியர்கள். அறுபத்தொரு பேர் மூக்கரோடு சேர்ந்து வக்கீலம்மாவிடம் வந்தார்கள். மாற்றப்படாத அசல் அறிக்கை கிடைத்தால் வழக்கு ஜெயம், கிடைக்காவிட்டால் அம்போ.

அது எங்கே இருக்கிறது என்று சொன்னவர் இயக்குநரின் செகரட்டரி அம்மா. இருபத்தாறு வருடமாக அந்த அறை வாசலில் உட்கார்ந்திருப்பவர். ஒருநாள் மத்தியானம் குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு வந்தார். "பழைய விளம்பரம்னு எழுதியிருக்கிற அலமாரியில இருக்கு. நான்தான் என் கையால வச்சேன். எனக்கு ஓய்வுக்கு இன்னும் பதினாலு மாசம் இருக்கு. வீட்டுக்காரரு படுத்த படுக்கையா இருக்காரு, அவரு மருந்து மாத்திரை எல்லாம் கம்பெனிக் காப்பீட்டுலதான் ஓடுது. என் பேரு வெளிய வந்துச்சின்னா நாங்க ரெண்டு பேரும் அவ்வளவுதான்" என்றார்.

"உங்க பேரு இந்த அறையைத் தாண்டாது" என்றார் வக்கீலம்மா. வழக்கு முடிகிறவரை இனிச் சந்திப்பதில்லை, போனிலும் பேசுவதில்லை என்று முடிவு செய்துகொண்டார்கள்.

அந்த அலமாரியைத் திறந்து காட்டச் சொல்லித் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டதுமே இயக்குநர் குதிகுதியென்று குதித்தார். யார் சொன்னது, யார் சொன்னது என்று கம்பெனியையே சல்லடை போட்டுச் சலித்துக்கொண்டிருந்தார். இந்த லட்சணத்தில்தான் அந்த வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது.

அன்று எதிர்த்தரப்பு வக்கீலுக்கு ஆவணக் கட்டு அனுப்ப வேண்டிய கடைசி நாள். தொள்ளாயிரம் பக்கம். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வக்கீலம்மாவின் குமாஸ்தா வைத்த பெயர் இஸ்திரிப்பெட்டி. கோர்ட்டில் வேர்த்து வழிகிற வெயில் காலத்திலும் அந்த மனிதரின் சட்டையில் ஒரு மடிப்புக் கலையாது. இருபது வருடமாக எதிரும் புதிருமாக நின்று, வக்கீலம்மாவின் சாட்சிகளை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேள்வி கேட்டவர். அவரிடம் வக்கீலம்மா "வணக்கம்", "ஆட்சேபிக்கிறேன்" என்ற இரண்டைத் தவிர வேறு பேசியது குறைவு.

சனிக்கிழமை காலை வக்கீலம்மா வீட்டுச் சமையலறை மேஜையில் தன் பிரதியை வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். கணவர் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ஓவிய வாத்தியாராக இருந்தவர், வெங்காயத்தைக்கூட ஒரே அளவாகத்தான் நறுக்குவார். இருநூற்றுப் பதின்மூன்று, மூக்கரின் பணி நியமனக் கடிதம். அதைப் புரட்டினார். இருநூற்றுப் பதினான்கு.

அவருடைய கையெழுத்து. மேலே கட்டம் கட்டி 'வெளியே போகக் கூடாது'. கீழே செகரட்டரி அம்மாவின் பெயர், வீட்டு விலாசம், அலமாரி, பதினான்கு மாதம், படுத்திருக்கும் கணவர், எல்லாம்.

தாள் வெள்ளையாக இருந்தது.

வெள்ளைதான் இருக்கும், பின்னே? மஞ்சள் தாளை நகல் இயந்திரத்தில் போட்டால் வெள்ளையாகத்தான் வரும்! நியமனக் கடிதத்துக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த மஞ்சள் தாளைக் கடிதத்தோடு சேர்த்துக் குமாஸ்தா இயந்திரத்தில் நுழைத்திருக்கிறார். மஞ்சள் அலுவலகத்திலேயே பத்திரமாக இருக்கிறது, அதன் வயிற்றிலிருந்த ரகசியம் எண் குத்தி, முத்திரை வைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு எதிராளி வீட்டுக்குப் போய்விட்டது. முப்பத்தொரு வருடச் சட்டம் இவ்வளவுதான். அந்த மஞ்சள் தாளைக் கடிதத்தோடு வைத்தது யார்? குமாஸ்தா இல்லை. வக்கீலம்மாதான். அன்றைக்கு அவசரமாகத் தொலைபேசி மணி அடித்ததும் கையில் இருந்ததை அப்படியே கோப்பில் செருகினார்.

பக்கத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

"ஏம்மா, முகம் ஏன் இப்படி வெளிறிப் போச்சு?" என்றார் கணவர்.

"ஒரு குடும்பத்தைக் கெடுத்துட்டேங்க" என்றார் வக்கீலம்மா. சொன்னதும் அழுகை வந்துவிட்டது.

குமாஸ்தாவுக்குப் போன் செய்தார். மனிதர் எதிர்முனையில் பாதி அழுதார், பாதி யோசித்தார். "அம்மா, தொள்ளாயிரம் பக்கம். எவன் படிக்கப் போறான்? நாமளா போய் இருநூத்திப் பதினாலுன்னு சொன்னாத்தான் அவரு கண்ணு அங்க போகும். கம்முனு இருந்துடலாம்மா."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. சொல்லாவிட்டால் ஒருவேளை தப்பலாம். சொன்னால் தானே போய்க் காட்டிக் கொடுத்த மாதிரி. தவறான ஆவணம் வந்தால் படிக்காமல் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று தொழில் விதி இருக்கிறதுதான், ஆனால் அதை மதிக்கிற ஆளா என்று எப்படித் தெரியும்? ஒரு மணி நேரம் சமையலறையிலேயே நடந்தார். கடைசியில், இதை முடிவு செய்ய எனக்கு என்ன உரிமை இருக்கிறது, போகப்போகிற தலை அந்த அம்மாவுடையது அல்லவா என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

செகரட்டரி அம்மாவின் வீடு நாலாவது மாடியில். முன்னறையிலேயே கட்டில். கணவர் தூங்கிக்கொண்டிருந்தார். வக்கீலம்மா சுற்றி வளைக்கவில்லை. நின்றபடியே சொன்னார். "தப்பு என்னோடது. குமாஸ்தா மேல, மெஷின் மேல எல்லாம் பழி போட மாட்டேன். நான் பண்ணின தப்பு."

செகரட்டரி அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தாலும் தேவலை. கட்டிலைப் பார்த்தார். கணவரின் காலில் விலகியிருந்த போர்வையைச் சரிசெய்தார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு சின்னக் குரலில், "இந்த அறையைத் தாண்டாதுன்னு சொன்னீங்களே. உங்களை நம்பித்தானே வந்தேன்? இருபத்தாறு வருஷம் அந்த ஆளு கத்தறதை எல்லாம் வாயை மூடிட்டுக் கேட்டவ, உங்ககிட்ட ஒரு தடவை வாயைத் திறந்தேன். என் புத்தியைச் சொல்லணும்" என்றார்.

திட்டு வாங்கிக்கொள்வது அன்றைக்கு வக்கீலம்மாவின் வேலை.

கொஞ்ச நேரம் கழித்து, "எதிர்த்தரப்புல யாரு, அவர்தானே? சட்டை மடிப்புக் கலையாதவரு?" என்று கேட்டார் செகரட்டரி அம்மா.

"அவர்தான்."

"கூப்பிட்டுச் சொல்லிடுங்க."

"அவர்கிட்டயா?"

"உங்களுக்கு அவரை எதிர்ல நின்னுதான் தெரியும். எனக்கு அவரு கடிதத்தைப் பதினேழு வருஷமாத் தெரியும். ஒரு தடவை எதிராளிக்குத் தேதியை மாத்திப் போட்டு அனுப்பிட்டாரு, எங்க கம்பெனிக்கு அதால லாபம்தான். மறுநாளே தேதி தப்புன்னு அவரே எழுதி அனுப்பினாரு. எங்க ஆளு அதுக்கு அவரைக் காய்ச்சி எடுத்துட்டாரு. நீங்க சொல்லாம இருந்து, அவரா அதைப் பார்த்தா, என்ன பண்றதுன்னு அவருக்கே தெரியாமப் போகும். சொல்லிட்டா அவருக்கும் ஒரு வழி இருக்கும். இங்கேயே, என் எதிர்லயே பேசுங்க."

வக்கீலம்மா அங்கேயே கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று எண்ணை அழுத்தினார்.

இஸ்திரிப்பெட்டி எடுத்தார். வக்கீலம்மா மென்று முழுங்காமல் பக்க எண்ணைச் சொன்னார்.

"நேத்து சாயங்காலமே பார்த்தேன்" என்றார் அவர். "உறையில போட்டு ஒட்டி, மேல கையெழுத்துப் போட்டு என் பீரோவுல வச்சிட்டேன். திங்கக்கிழமை நீங்களே வந்து வாங்கிக்கிங்க. தபால்ல அனுப்பறது சரியில்ல."

"எவ்வளவு படிச்சீங்க?"

"உங்க கையெழுத்தையா? அதைப் படிக்க இன்னொரு வக்கீல் வைக்கணும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

என்ன பதில் இது! படித்தாரா, படிக்கவில்லையா? இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை உறை கைக்கு வந்தது, ஒட்டியது ஒட்டியபடி. கொடுத்தவர் முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. "வணக்கம்" என்றார். வக்கீலம்மாவும் "வணக்கம்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு ஏழு வாரம். அந்த ஏழு வாரத்தில் வக்கீலம்மா நாலு கிலோ இளைத்தார். தொலைபேசி மணி அடித்தால் போதும், அந்த அம்மாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்ற செய்திதானோ என்று எடுக்கத் தயங்குவார். பேசுவதில்லை என்று வைத்த கட்டுப்பாட்டை இனிமேலாவது ஒழுங்காகக் காக்க வேண்டுமே என்று விசாரிக்கவும் வழியில்லாமல் தவித்தார். குமாஸ்தா மஞ்சள் தாள்களை எல்லாம் ஒரு இரும்புப் பெட்டியில் போட்டுப் பூட்டிச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தார்.

தீர்ப்பாயம் அலமாரியைத் திறக்கச் சொன்னது. பழைய விளம்பரங்களுக்கு நடுவில் மூக்கரின் அசல் அறிக்கை கிடந்தது. அதற்கப்புறம் பேச்சே இல்லை. கம்பெனி இறங்கி வந்தது. மூக்கருக்கு வேலை திரும்பக் கிடைத்தது, அறுபத்தொரு பேரின் நஷ்டத்தையும் ஈடுகட்ட ஒப்புக்கொண்டார்கள், கத்தாத கருவிகளைக் கடைகளிலிருந்து திருப்பி எடுத்தார்கள். மூக்கர் வக்கீலம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு "அக்கா, அக்கா" என்பதற்கு மேல் எதுவும் பேச வராமல் நின்றார். எல்லோரும் கொண்டாடினார்கள். வக்கீலம்மா மட்டும் அடிக்கடி தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை செகரட்டரி அம்மாவே வீடு தேடி வந்தார். குடை இல்லை, நேராக வந்தார்.

"வேலையில இருக்கீங்களா?" என்று வாசலிலேயே கேட்டுவிட்டார் வக்கீலம்மா.

"இருக்கேன். உள்ள வரலாமா?"

உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார். "நீங்க உறையை வாங்கிட்டு வந்தீங்களே, அதுக்கு மூணாம் நாள். எங்க ஆளு அவரை வரச் சொன்னாரு. நான் வழக்கம்போலப் பக்கத்துல உட்கார்ந்து சுருக்கெழுத்துல குறிப்பு எடுக்கறேன். எங்க ஆளு நேரா கேட்டாரு. 'அந்தப் பொம்பளை அனுப்பின கட்டுல, அலமாரி விஷயத்தை யாரு சொன்னதுன்னு ஏதாவது துப்பு இருக்கா?'"

வக்கீலம்மா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என் பென்சில் நின்னுடுச்சி. அவரு கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. 'ஆளைத் தேடாதீங்க. தேடி, கண்டுபிடிச்சி, வேலையை விட்டு எடுத்தா அது இன்னொரு வழக்காகும். அதுலயும் எதிர்ல அந்த அம்மாதான் நிப்பாங்க, நீங்க தோப்பீங்க. ஆளைத் தேடித் தர்றது என் வேலையும் இல்ல, தர மாட்டேன்'னாரு. எங்க ஆளுக்கு முகம் சிவந்து போச்சு. 'அப்ப உங்களுக்குத் தெரியுமா?'ன்னாரு. 'என் பதிலைச் சொல்லிட்டேன்'னாரு இவரு. நான் என்ன பண்றதுன்னு தெரியாம, இதையும் குறிப்புல எழுதணுமான்னு கேட்டேன். வக்கீல் என் பக்கம் திரும்பினாரு. 'எழுதுங்கம்மா. ஒரு வார்த்தை விடாம எழுதுங்க'ன்னாரு."

வக்கீலம்மாவின் கணவர் சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றுவிட்டார்.

"அதோட முடியல. போன வாரம் எங்க ஆளு அவரை மாத்திட்டாரு. பதினேழு வருஷக் கம்பெனி, எல்லாக் கோப்பும் வேற வக்கீலுக்குப் போகுது. உங்க சேவை இனித் தேவையில்லைன்னு கடிதம். அதை..." அவர் குரல் உடைந்தது. "அதை நான்தான் டைப் அடிச்சேன். எனக்காக வாயைத் திறக்காதவருக்கு, வேலை இல்லைன்னு என் கையாலேயே அடிச்சிக் குடுத்தேன். போய் ஒரு வார்த்தை நன்றின்னு சொல்லக்கூட முடியல. நான் சொன்னா நான்தான்னு ஆகிடும். நீங்க சொல்லிடுங்க எனக்காக. கோடிப் புண்ணியம்."

திங்கட்கிழமை காலை வக்கீலம்மா போனார்.

இஸ்திரிப்பெட்டியின் அறை முழுக்க அட்டைப்பெட்டிகள். பதினேழு வருடக் கோப்புகளைக் கட்டிக்கொண்டிருந்தார் அவர். சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டி விட்டிருந்தார். முதுகில் தூசி அப்பியிருந்தது, மடிப்பாவது ஒன்றாவது. வக்கீலம்மாவுக்கு அவரை அந்தக் கோலத்தில் பார்க்க மனசு கேட்கவில்லை.

"வணக்கம்" என்றார் அவர், ஆச்சரியத்தோடு. "உட்கார இடமில்ல. நாற்காலி மேலயும் கோப்புதான்."

"நிக்கறேன். நன்றி சொல்ல வந்தேன்."

"வழக்குல ஜெயிச்சவங்க தோத்தவனுக்கு நன்றி சொல்றதா? இது எந்த ஊரு பழக்கம்?"

"கிண்டல் பண்ணாதீங்க. முப்பத்தொரு வருஷமா எனக்கு நன்றி சொன்னவங்க நிறையப் பேரு. நான் இந்த மாதிரி யாருக்கும் கடன்பட்டதில்ல. நான் பண்ணின தப்புக்கு நீங்க விலை குடுத்திருக்கீங்க."

அவர் கயிற்றை முடிச்சுப் போட்டார். நிமிரவில்லை. "என் பக்கத்துல யாரும் நன்றின்னு சொன்னதில்ல. ஜெயிச்சா, இதுக்குத்தானே உன்னை வச்சிருக்கோம்னு சொல்வாங்க. அதனால எப்படி வாங்கிக்கிறதுன்னு தெரியல, மன்னிச்சிடுங்க" என்றார்.

"இன்னொருத்தங்களும் சொல்லச் சொன்னாங்க."

அவருடைய கை நின்றது.

"யாரு?"

வக்கீலம்மா வாயைத் திறந்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார். "உங்களுக்குத் தெரியாதவங்க" என்றார்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். இருபது வருடத்தில் முதல் தடவையாக அந்த முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. கண்ணும் கொஞ்சம் கலங்கியிருந்தது.

"ஆமா, எனக்குத் தெரியாது" என்றார். "அவங்ககிட்ட அதை மட்டும் சொல்லிடுங்க. எனக்குத் தெரியாதுன்னு. வீட்டுக்காரரை நல்லபடியாப் பார்த்துக்கச் சொல்லுங்க."

வக்கீலம்மா தலையை ஆட்டினார். பிறகு கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, பாதி கட்டியிருந்த பெட்டியின் மறுபக்கத்தை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அவர் கயிற்றை இழுத்துக் கட்டினார்.